சென்னை உச்சி வெயிலில் ஆட்களைப் படமெடுப்பது எப்படி? ஃபிளாஷ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

இதில் இரண்டு தொல்லை. வெயிலில் நிறுத்தினால் கண்குழி கறுத்துப் போகிறது. மரத்தடிக்குக் கூட்டிப் போனால் பின்னால் இருப்பதெல்லாம் வெளுத்துப் போகிறது. இரண்டுக்கும் நான் முதலில் செய்வது ஒன்றுதான்: ஆளை நிழலின் விளிம்புக்குக் கொண்டுவந்து, வெயில் விழும் பக்கமாக முகத்தைத் திருப்புவேன். முதுகுக்குப் பின்னால் நிழல் இருக்க வேண்டும், எதிரே வெயில் பட்ட தரையோ சுவரோ இருக்க வேண்டும். நீங்கள் வெயிலில் நின்று எடுங்கள், அவர் நிழலில் நிற்கட்டும்.

வெயிலுக்கும் திறந்த நிழலுக்கும் வெளிச்சத்தில் சுமார் 3 ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, ஆக ஏறக்குறைய 8 மடங்கு. முகத்துக்கு வெளிச்சத்தைச் சரியாக வைத்தால் பின்னால் உள்ள வெயில் எரிந்துபோவது அதனால்தான். பின்னணியும் நிழலாகவே இருந்துவிட்டால் அந்தச் சண்டையே இல்லை. எதிரே இருக்கும் வெயில் பட்ட தரை கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும், கண்ணிலும் ஒரு பளிச் வரும். சவுகார்பேட்டைச் சந்துகள், மயிலாப்பூரில் மிச்சமிருக்கும் திண்ணை வீடுகள், மேம்பாலத்தின் அடி எல்லாம் இதற்கு அருமையான இடங்கள்.

எதிரே உள்ள சுவரின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் தாடையில் பச்சை ஏறும். கடை வாசலில் கட்டிய நீலத் தார்ப்பாய்க்குக் கீழே யாரையும் நிறுத்தாதீர்கள். ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் வெயில் நிறத்திலும் இருந்தால் படத்தின் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸ் எதைச் சரிசெய்யும்? கல்யாண வீட்டு சிவப்பு மஞ்சள் பந்தலும் இதே கதைதான். வேப்பமரத்தடி குளுமையாக இருக்கும், ஆனால் இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாகப் படியும். எடுக்கும் முன் முகத்தில் புள்ளி விழுகிறதா என்று பாருங்கள்.

நிழல் எங்கே கிடைக்கும் என்பது தெருவின் திசையைப் பொறுத்தது. மயிலாப்பூர் கிழக்கு மாட வீதி தெற்கு வடக்காகப் போகிறது. காலையில் கீழச்சிறகில் நிழல், பிற்பகலில் மேலச்சிறகில் நிழல். வடக்கு மாட வீதி கிழக்கு மேற்கு. அங்கே மார்கழி, தை மாதங்களில் நண்பகலிலும் தென்சிறகுக் கட்டடங்களின் நிழல் வீதியில் விழும். சித்திரையில் அதுவும் கிடையாது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். இடையில் உள்ள மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே போய்விடுவதால் தெற்குப் பார்த்த சுவரில்கூட வெயில் படாது. பழைய ஆட்களுக்கு இது தெரியும், நாம்தான் ஆப்பைத் திறந்து பார்க்கிறோம்.

சரி, வெயிலில்தான் எடுத்தாக வேண்டும், பின்னால் கபாலீஸ்வரர் கோபுரம் வேண்டும் என்று பெண் வீட்டார் நிற்கிறார்கள். சூரியன் கொஞ்சமாவது சாய்ந்திருந்தால் அதை அவர்கள் முதுகுக்குக் கொடுங்கள். முகத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை போதும். இல்லையென்றால் கூட வந்தவரின் வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்தாலும் வேலை நடக்கும். அதே வேட்டியைத் தலைக்கு மேல் பிடித்தால் வெயில் வடிகட்டி விழும். சினிமாக்காரர்கள் ஸ்கிம்மர் துணி கட்டுவது இதற்குத்தான். மெரினாவில் உலர்ந்த மணலே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் அந்த உதவி கிடைக்காது.

எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதில், கேமராவை நம்பாதீர்கள். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் கூட்டி, தோலைச் சாம்பல் பூசினாற்போல் ஆக்கும். வெள்ளை வேட்டி நிறைந்தால் குறைத்து, முகத்தை இருட்டாக்கும். எரிந்துபோன ஜரிகையும் நெற்றியும் திரும்ப வராது, இருட்டை ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஓரளவு தூக்கலாம். அதனால் நான் எப்போதும் சற்றுக் குறைத்தே எடுப்பேன். போன் என்றால் முகத்தின் மேல் அழுத்திப் பிடித்து லாக் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வெயிலில் திரையைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. கேமராவில் ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இருந்தால் அதைப் பாருங்கள்.

கண் கூசுகிறவர்களிடம் கண்ணை மூடச் சொல்லி, ஒன்று இரண்டு மூன்று சொன்னதும் திறக்கச் சொல்லுங்கள். குழந்தைகளிடம் இது செல்லாது.

ஃபிளாஷ் விஷயம். பெரும்பாலான கேமராக்களில் சாதாரண ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 ஷட்டர் வரைதான் சேர்ந்து போகும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 என்று அகலமாக வைத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/3200 கேட்கும். அப்போது அந்த வேகத்திலும் ஃபிளாஷ் சேர்ந்து போகும் ஹை ஸ்பீட் சிங்க் வசதி வேண்டும், அதில் ஃபிளாஷின் பலம் வெகுவாகக் குறையும். அதைத் தவிர்க்கத் துவாரத்தை எஃப் 11 வரை மூடினால் பின்னணி மங்காது. அதனால் விலை குறைந்த சின்ன ஃபிளாஷை இந்த வெயிலுக்கென்றே வாங்குவது வீண். மண்டபத்துக்குள்ளும் எடுப்பீர்கள் என்றால் ஹை ஸ்பீட் சிங்க் உள்ளதாக வாங்குங்கள். வெளியில் மட்டும்தான் என்றால் தெர்மோகோலும் அதைப் பிடிக்க ஒரு தம்பியும் போதும்.