கொடைக்கானலில் மல்லிகை பூக்குமா? எந்த வகையை வைக்கலாம்?

பூக்கும். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்துக் கேட்கிற குண்டுமல்லி அல்ல.

நான் நிலக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கும் குடும்பம். கல்யாணமாகி மலையேறியபோது அம்மா கொடுத்தனுப்பிய சாமான்களோடு மூன்று குண்டுமல்லிச் செடிகளும் வந்தன. ராமநாதபுரத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வாங்கிய நாற்றின் வாரிசுகள் அவை. மூன்றும் செத்திருந்தால் மறந்திருப்பேன். சாகாமல் நான்கு வருடம் வெளிறிய இலையோடு நின்றன. சித்திரை, வைகாசியில் மட்டும் நாலைந்து மொட்டு வரும். மாமியார் எண்ணிப் பார்த்துவிட்டு, "சாமிக்கு ரெண்டு, உனக்கு ரெண்டு, எனக்கு வேண்டாம்மா" என்பார்.

குண்டுமல்லி வெயிலைக் குடித்துப் பூக்கிற செடி. கீழேயே மார்கழிப் பனியில் வரத்து சரிந்து, கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், கோடைப் பகலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில் அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? உங்கள் வீடு பண்ணைக்காடு, தாண்டிக்குடி போலக் காப்பி விளையும் கீழ்மலையில் இருந்தால் கதை வேறு. அங்கே வெயில் விழும் சுவரோரமாகக் குண்டுமல்லியையும் பிச்சியையும் வைத்துப் பார்க்கலாம்.

மேல்மலைக்கு ஏற்றது வேறொரு கொடி. நர்சரியில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள் என்பதால் தாவரவியல் பெயரையே சொல்லிவிடுகிறேன்: ஜாஸ்மினம் பாலியாந்தம். நிறையப் பூக்கள் கொண்டது என்று பொருள், பெயரில் பொய் இல்லை. தென்மேற்குச் சீனத்து மலைப் பகுதிகளின் செடி. மொட்டின் வெளிப்புறம் ரோஜா நிறம், விரிந்தால் உள்ளே வெள்ளை. குண்டுமல்லிக்கு ஒற்றை இலை. இதற்குப் பிச்சியைப் போல ஒரு காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருக்கும். கம்பி, மூங்கில், தண்ணீர்க் குழாய் எது கிடைத்தாலும் சுற்றிக்கொண்டு ஏறும்.

இதற்குக் குளிர் பகை அல்ல. குளிர்ந்த இரவுகள் வந்தால்தான் மொட்டே கட்டும். கார்த்திகை, மார்கழியில் மொட்டுக்கான ஏற்பாடு நடக்கும், மாசி, பங்குனியில் கொடி முழுக்க வெடிக்கும். பிறகு அடுத்த வருடம்தான். கீழே போல மாதக்கணக்கில் பறிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். அம்மா கார்த்திகைக் கடைசியில் குண்டுமல்லியைக் கவாத்து செய்வார். அந்தப் பழக்கத்தில் நானும் இந்தக் கொடியை மார்கழியில் ஒட்ட வெட்டிவிட்டேன். அந்த வருடம் ஒரு பூ இல்லை. குண்டுமல்லி வெட்டியபின் துளிர்க்கும் புதுக் கிளையில் பூக்கிறது. இதுவோ முந்தைய மாதங்களில் வளர்ந்த கொடியில் பூக்கிறது. ஆகவே பூ முடிந்த கையோடு, சித்திரையில் வெட்டுங்கள். ஆவணிக்குப் பிறகு கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

மற்றபடி பெரிய வேலை இல்லை. அரை நாளாவது வெயில் படும் இடம் வேண்டும். குழியில் மக்கிய சாணத்தோடு மணலும் கலந்துகொள்ளுங்கள், ஐப்பசி மழையில் வேரடியில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். துளிரில் அசுவினிப் பூச்சி மொய்த்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். உறைபனி விழும் பள்ளத்தில் வைத்தால் இளங்கொடி கருகும், சுவரை ஒட்டி வையுங்கள்.

தலையில் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கட்டிப் பார்த்தேன். காம்பு மெலிந்தது, நாரை இறுக்கினால் துவள்கிறது. விரிந்த பூ சீக்கிரமே பழுப்பேறுகிறது. மொட்டாகப் பறித்து நெருக்கிக் கட்டினால் ஒரு மாலைப் பொழுதுக்குத் தாங்கும். வாசனையோ ராத்திரியில் தெருமுனை வரை போகும். படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே மட்டும் வைக்காதீர்கள், எனக்குத் தலைவலியே வந்தது. முழம் முழமாகப் பூ வேண்டுமென்றால், கீழேயிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறி வருகிற பூதான் கதி. நானும் அதைத்தான் வாங்குகிறேன்.

கடையில் ஏமாறாமலிருக்க இரண்டு விஷயம். வேலியோரம் மஞ்சளாகப் பூத்துத் தொங்குகிற சீன மல்லிகை பார்க்க அழகு, வாசனை கிடையாது. 'நைட் குயின்' என்று விற்பது மல்லிகையே அல்ல. கத்தரி, உருளைக்கிழங்கின் குடும்பம், காய் விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். சோலைக்காட்டு ஓரங்களில் தானாக வளரும் மஞ்சள் மல்லிகை ஒன்றும் நம் மலையில் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிடுங்கி வராதீர்கள்.

சோலை என்றதும் நினைவுக்கு வருகிறது: உங்கள் நிலம் சோலையை ஒட்டியிருந்தால் நான் சொன்ன கொடியை வைக்க வேண்டாம். நியூசிலாந்தில் இது காட்டுக்குள் புகுந்து களையாகிவிட்டது. தரையைத் தொடுகிற கணுவெல்லாம் வேர் விடும். வெளியிலிருந்து வந்த வாட்டில், பைன் மரங்கள் நம் புல்வெளியை விழுங்கியது போதாதா? ஊருக்குள் வீடு என்றால் பயமில்லை, வருடம் ஒருமுறை வெட்டிக்கொண்டே இருந்தால் சரி.

செடிக்குக் காசு செலவழிக்காதீர்கள். இந்தக் கொடி படர்ந்த வீடு எதிலாவது கதவைத் தட்டிப் பதியன் கேளுங்கள். வெட்டி எறிய இடமில்லாமல் தவிப்பவர்கள், ஒரு கட்டாகவே கொடுப்பார்கள்.