வால்வு சூடாகட்டும்: வாசகர் கேள்விகள்

கோவை வாசகர்: 1950களின் ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் மாதிரியில் (5இ3 சர்க்யூட்) கிதார் ஆம்ப்ளிஃபையர் கிட் ஒன்றை வாங்கி நண்பர் உதவியோடு பூட்டினேன். வால்யூம் மூன்றைத் தாண்டினாலே கரகரக்கிறது. தடித்த தந்திகளின் ஒலி குழைந்துபோகிறது. கண்டென்சரை மாற்று, ஸ்பீக்கரை மாற்று, டிரான்ஸ்பார்மரை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

எதையும் கழற்றாமல் தொடங்குங்கள். அதில் இரண்டு வால்யூம் குமிழ்கள் இருக்கின்றன அல்லவா? கிதாரை ஒன்றில் செருகிவிட்டு, மற்றதை மெல்லத் திருப்பிப் பாருங்கள். எதுவுமே செருகாத அந்தக் குமிழ் உங்கள் ஒலியை மாற்றும். இரண்டும் உள்ளே ஒரே இடத்தில் சேர்வதால் வருகிற குணம் அது. கோளாறு என்று நினைத்து என் மேசைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. காசு வாங்காமல் திருப்பி அனுப்பினேன்.

அடுத்து முதல் வால்வு, அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய். மூல வரைபடத்தில் அங்கே இருப்பது 12ஏஒய்7. அதன் பெருக்கத் திறன் சுமார் 45. அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும் 12ஏஎக்ஸ்7க்கு 100. உங்களுடையதில் இரண்டாவதுதான் இருக்கும் என்பது என் சந்தேகம். வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். 12ஏஒய்7 போட்டால் கரகரப்பு வெகுவாகத் தள்ளிப்போகும்.

அப்புறமும் தந்தி குழைந்தால்தான் ஈயத்தைத் தொட வேண்டும். முதல் வால்விலிருந்து ஒலியை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள் இரண்டு இருக்கும். நீங்கள் வாசிக்கும் பக்கத்தில் மட்டும் 0.022 போடுங்கள், தாழ்ந்த ஒலி இறுகும். கழற்றியதைக் குப்பையில் போடாமல் ஓர் உறையில் இட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். மூன்று மாதத்தில் பழைய ஒலியே தேவலை என்று திரும்பி வருபவர்கள் அநேகம். நானும் அதில் ஒருவன். ஆரஞ்சு நிறக் கண்டென்சர் உசத்தியா, மஞ்சளா என்ற சண்டைக்கு மட்டும் என்னை இழுக்காதீர்கள். அளவு மாறினால் என் காதுக்குத் தெரிகிறது, நிறம் மாறினால் தெரியவில்லை.

ஆனால், சுமார் 12 வாட் பெட்டி இது. கடைசிவரை பளிங்கு போன்ற ஒலி வேண்டுமென்றால் நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது வேறு. அந்தக் கரகரப்புக்காகவே இதைத் தேடிப் போகிறார்கள். கனடா பாடகர் நீல் யங் பல்லாண்டுகளாகத் தன் பழைய டீலக்ஸை மேடையேற்றுகிறார்; பாட்டின் நடுவில் குமிழ்களைத் திருப்புவதற்கென்றே அதன்மேல் ஒரு மோட்டார் பொறியைப் பொருத்தி, காலால் இயக்குகிறார்.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் 350 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். என் இடது கட்டைவிரலில் மிளகளவு வெள்ளைத் தழும்பு ஒன்று இருக்கிறது. "பிளக்கைத்தான் எடுத்துவிட்டோமே" என்ற நினைப்பு போட்ட முத்திரை. தக்க ரெசிஸ்டர் வைத்து மின்சாரத்தை வடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். அதில் பழக்கமில்லை என்றால், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகர்: அமெரிக்காவிலிருந்து அண்ணன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போதுமா?

வோல்டேஜுக்குப் போதும். ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஸ்டெப்-டவுன் அதை மாற்றாது. 60க்கென்றே கணக்காகச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் இங்கே கூடுதலாகச் சூடேறும். அரைமணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு அதன் வெளி உறையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் கொதித்தால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு வேறொன்று சுற்றி மாட்டுவதே வழி. இரண்டு கால் பிளக் இருந்தால் பாட்டுக் கேட்பதற்கு முன்பே மூன்று கால் ஒயர் போட்டு, பச்சை நிற எர்த் ஒயரைச் சேசிஸில் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில்) இறுக்கச் சொல்லுங்கள். பழைய பொருளின் அசல் தன்மை கெடும் என்று அண்ணன் முனகினால் முனகட்டும்.

கும்பகோணம் வாசகர்: தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் கிடக்கிறது. கிதாரை அதில் செருகி வாசிக்கலாமா? அல்லது அதன் வால்வுகளைக் கழற்றி ஆம்ப்ளிஃபையரில் போடலாமா?

முதலில் வால்வுகளின் பெயரைப் படியுங்கள். யுசிஎச்81, யுஎல்84 என்று 'யு'வில் தொடங்கினால் கிட்டே போகாதீர்கள். அந்த ரகத்தில் மின்சாரத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. சேசிஸிலேயே மெயின்ஸ் ஏறியிருக்கும். கிதார் தந்தியைத் தொட்டால் சுவரிலுள்ள பிளக்கைத் தொட்டதுபோல. இஎல்84 இருந்தால் அது நல்ல வால்வு. வாக்ஸ் நிறுவனத்தின் கிதார் ஆம்ப்ளிஃபையர்களான ஏசி15இல் இரண்டு, ஏசி30இல் நான்கு இருப்பது அதுதான். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஒருகாலத்தில் அதைத் தயாரித்தது. ஆனால் அதற்கு ஒன்பது கால். டீலக்ஸில் வருகிற 6வி6 வால்வுக்கு எட்டுக் கால் அமைப்புள்ள அடிப்பாகம். அதில் இது ஏறாது. தாத்தாவின் ரேடியோவை ரேடியோவாகவே பழுது பாருங்களேன்.

சென்னை வாசகர்: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இரவில் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வாசிக்கலாமா?

கூடாது. வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீக்கர் என்ற சுமை இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே பொறி பறக்கும். அந்தப் பெட்டியில் விலை கூடிய சாமான்களில் அது ஒன்று. ஸ்பீக்கருக்குப் பதில் சுமையாக மாட்டும் லோடு பாக்ஸ் கிடைக்கிறது. அது வரும்வரை இரவு எட்டுக்குள் வாசித்துவிடுங்கள்.