பனி ராலி ஸ்லாட் கார்: கேட்டவர்களுக்குப் பதில்

2024 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலையே அடைபட்டுப் போனதே, அதற்கப்புறம் டர்பன் பக்கத்தில் ஸ்லாட் கார் (டிராக்கின் பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்) ஓட்டுகிறவர்கள் பலருக்கு வீட்டு டிராக்கில் பனி வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். நான் சொல்வதெல்லாம் 1:32 அளவு, அதாவது நிஜக் காரின் நீளத்தில் 32இல் ஒரு பங்கு உள்ள கார்களுக்கு.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, டிராக் மேல் டால்கம் பவுடர் தூவி ஓட்டலாமா? சோள மாவும் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

வேண்டாம் தம்பி, இரண்டும் வேண்டாம். கார் ஓடுவதே டிராக்கின் உலோகப் பட்டையிலிருந்து அடியில் இருக்கிற செம்புப் பின்னல் வழியாக மின்சாரம் ஏறுவதால்தான். நடுவில் தூள் புகுந்தால் கார் விட்டுவிட்டு ஓடும், அப்புறம் நின்றே போகும். பல்சக்கரத்தில் போட்ட எண்ணெயோடு சேர்ந்தால் தூள் பசையாகிவிடும், மோட்டாரின் ஓட்டைகள் வழியாக உள்ளேயும் போகும். டர்பன் ஈரக்காற்றில் மாவு கட்டிப் பிடிக்கும், பூச்சியும் வரும். உப்பு தூவலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார், பட்டையெல்லாம் துருப்பிடித்துவிடும், தொடவே கூடாது. பவுடர் தூசியைப் பிள்ளைகள் மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற பனி வேறு, சக்கரத்துக்குத் தெரிகிற பனி வேறு. முதலாவதை டிராக்கின் ஓரத்தில் வையுங்கள். இரண்டாவதைப் பிடிமானத்தைக் குறைத்துக் கொண்டுவாருங்கள். கீழே வருகிற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான்.

ஃபீனிக்ஸிலிருந்து: சரி, தூள் இல்லாமல் கார் எப்படிச் சறுக்கும்?

முதலில் காரின் அடியில் இருக்கிற காந்தத்தைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் டிராக்கின் பட்டை இரும்பு வகை என்பதால் காந்தம் காரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும், அது இருக்கும்வரை வால் ஆடவே ஆடாது. (மரப்பலகையில் பள்ளம் வெட்டி செம்பு நாடா ஒட்டியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, செம்பைக் காந்தம் இழுக்காது.) அடுத்தது வோல்டேஜ். 12 முதல் 15 வோல்ட் தருகிற பெட்டிக்குப் பதிலாக ஏற்றி இறக்கக்கூடிய பவர் சப்ளை ஒன்று வாங்கி, 8 அல்லது 9 வோல்ட்டில் தொடங்குங்கள். இந்த விளையாட்டில் செலவு செய்ய ஒரே ஒரு பொருள்தான் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மரப்பலகை டிராக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. முழுப் பாதைக்கும் மங்கலான வெள்ளை பெயின்ட் அடியுங்கள், அது இறுகிய பனி. பிறகு இரண்டு மூன்று வளைவில் மட்டும், அதுவும் வளைவு முடிகிற இடத்தில், பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள், அது ஐஸ். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான், ஆனால் டயர் ஏறியதும் வித்தியாசம் விரலில் தெரியும். மான்டே கார்லோ ராலியில் காய்ந்த தார், ஈரம், ஐஸ் எல்லாம் ஒரே மலைப்பாதையில் மாறி மாறி வரும். அந்தப் பயத்தை மேசை மேல் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெயின்ட் அடிக்கும்போது செம்பு நாடாவை மறைத்து ஒட்டிவிடுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் பெயின்ட் அவசியம், இல்லாவிட்டால் ஈரத்தில் பலகை ஊதி பள்ளம் இறுகிவிடும். பிளாஸ்டிக் டிராக்கில் பெயின்ட் எளிதில் உரிந்துவிடும், அதில் வோல்டேஜையும் டயரையும் வைத்தே வேலையை முடியுங்கள்.

டோங்காட்டிலிருந்து: என் பையனுக்கு 9 வயது. காந்தத்தை எடுத்ததிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் கார் வெளியே பறக்கிறது, அவனும் அழுகிறான். என்ன செய்ய?

அக்கா, வோல்டேஜை இன்னும் இறக்குங்கள், அவன் விசையை முழுக்க அமுக்கினாலும் கார் பெரும்பாலும் தாங்குகிற அளவுக்கு. கைடுக்கு (காரின் மூக்கடியில் பள்ளத்துக்குள் இறங்குகிற துண்டு) சற்றுப் பின்னால், நடுவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒரு சின்னப் பித்தளைத் துண்டை ஒட்டுங்கள். அப்புறம் வளைவுகளின் வெளி ஓரத்தில் மெத்தென்ற ஸ்பாஞ்சை வெட்டி வெள்ளை அடித்து பனிச்சுவர் மாதிரி நிறுத்துங்கள். ஸ்வீடன் ராலியில் ஓட்டுநர்கள் பனிச்சுவரில் வேண்டுமென்றே காரின் வாலைச் சாய்த்துத் திரும்புவார்கள், அவனும் அப்படிச் செய்யட்டும். கார் தரையில் விழாமல் இருந்தாலே பாதி அழுகை நின்றுவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: நிஜ ராலியில் பனிக்கு ஆணி டயர் போடுகிறார்களே, நாமும் போடலாமா?

உலக ராலி கார்களுக்கு ஸ்வீடனில் ஒரு டயருக்கு 384 ஆணி. நம் டயரில் அதெல்லாம் டிராக்கைக் கீறிவிடும், மின்பட்டையில் பட்டால் ஷார்ட்டும் ஆகும். சாதாரண ரப்பர் டயர், கொஞ்சம் பழகியது, போதும். சிலிக்கான் டயர் சுத்தமான டிராக்கில் ஒட்டிப் பிடிக்கும், தூசி பட்டதும் பிடியை விட்டுவிடும், அதனால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் கார் ஒரே மாதிரி இருக்காது. பனிக்கு அது வேண்டாம்.

அவரே: நான்கு சக்கர இழுவை உள்ள கார் நல்லதா?

நிஜத்தில் ஆடி குவாட்ரோ 1981இல் ஸ்வீடனில் ஜெயித்தபோதே அந்த வாதம் முடிந்துவிட்டது. நம்மிடம் முன்சக்கரம் திருப்புவதில்லை, மூக்கைக் கைடுதான் பிடித்துக்கொள்கிறது. அதனால் கிளம்பும்போது உதவும், வளைவில் பெரிய லாபம் இல்லை. முன்சக்கரத்தையும் சுற்ற பெல்ட் வைத்த கார்களில் உராய்வு கூட, குறைந்த வோல்டேஜில் சோம்பலாக ஓடும். பின்சக்கர இழுவையில் லான்சியா ஸ்ட்ராடோஸ், ஆல்பின் ஏ110 இரண்டும் பனியில் பார்க்கவே அழகு. வாலை ஆட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள அவைதான் சரி.

லெனேசியாவிலிருந்து: லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால்?

கேட் மோட்டாருக்குப் போடுகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று போதும், மின்சாரம் சீராக வரும், சில பெட்டிகளைவிடவே நன்றாக ஓடும். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் அந்த பேட்டரி ஒயரையே எரித்துவிடும். இதில் சமரசம் செய்யாதீர்கள்.

அவரே: இரண்டு காரைச் சேர்த்து ஓட்டலாமா, தனித்தனியாகவா?

தனித்தனியாக. ராலி என்றால் கடிகாரத்தோடுதான் போட்டி. ஒருவர் ஓட்ட, ஒருவர் போனில் நேரம் பார்க்க, ஒருவர் ஓரத்தில் நின்று வெளியே விழுகிற காரை எடுத்து வைக்க வேண்டும். விழுந்தால் எத்தனை விநாடி தண்டம் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஐஸ் வளைவு எங்கே இருக்கிறது என்று முதல் ஓட்டத்துக்கு முன்னால் யாருக்கும் சொல்லாதீர்கள்.