வயலில் எழும் குமிழி நிலத்தடி எரிவாயுவா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் தக்கைப்பூண்டை மடக்கி உழுது நான்காம் நாளே நடவு செய்தோம். இப்போது கால் வைத்த இடமெல்லாம் குமிழி கிளம்புகிறது. நீர்மேல் எண்ணெய்ப் படலமும் மினுக்குகிறது. அடியிலுள்ள எரிவாயு மேலே வருகிறதா?

பதில்: ஐயா, அந்தக் குமிழி பெரும்பாலும் நீங்கள் மடக்கி உழுத தக்கைப்பூண்டிலிருந்தே வருகிறது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்தபின், பசுந்தழையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடுகின்றன. சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதுவே. படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு நுண்ணுயிர்ப் படலம்; உடனே மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய். அப்போதும் முதலில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எனினும் உங்கள் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. காவிரிப் படுகையின் ஆழத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியஸ் காலத்தில் படிந்த, ஆண்டிமடம் எனப் பெயரிடப்பட்ட களிப்பாறை அடுக்குகளில் சிக்கிய உயிர்ப்பொருள்கள், மேலே சேர்ந்த வண்டலின் சுமையால் மேலும் ஆழத்தில் புதையுண்டு, சுமார் 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெயாகவும், அதற்கும் மேற்பட்ட வெப்பத்தில் பெரும்பாலும் வாயுவாகவும் மாறின. நீரைவிட இலேசானவை ஆதலால் அவை பாறைத் துளைகளிலும் பிளவுகளிலும் மேல்நோக்கி நகர்ந்து, இறுகிய களிப்பாறை மூடியாக நின்று தடுத்த இடங்களில் தங்கின. நரிமணத்திலும் கோவில்களப்பாலிலும் எடுக்கப்படுவது இவ்வாறு தங்கியதே. மூடுபாறையில் பிளவு இருந்தாலோ எண்ணெய்க் கிணற்றுக் குழாயைச் சுற்றிய சிமெண்ட் பழுதானாலோ கசிவு நேரலாம். ஆனால் அத்தகைய கசிவு பொதுவாக வயல் முழுவதும் சீராகப் பரவாமல், ஓரிடத்திலோ ஒரு கோடாகவோ, தண்ணீரை வடித்த பின்னும் தொடரும்.

தழை மட்கி வரும் வாயு, ஆழத்திலிருந்து கசியும் வாயு இரண்டிலும் முதன்மையானது மீத்தேன்தான். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆய்வகத்தில்தான் பிரித்தறிய முடியும். நுண்ணுயிர் வாயுவில் ஈத்தேன், புரோப்பேன் ஏறக்குறைய இருக்காது. ஆழத்து வெப்பத்தில் உருவான வாயுவில் அவை கலந்திருக்கும், மீத்தேனில் கார்பன்-13 எனும் சற்றுக் கனமான கார்பன் அணுக்களின் பங்கும் கூடுதலாக இருக்கும்.

இப்போதைக்குத் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றியதும் மீண்டும் பாய்ச்சுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக இரண்டு முறை செய்தால் குமிழி வெகுவாகக் குறையும். வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை வீசினால் வடிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த முறை, மடக்கி உழுதபின் ஒரு வாரம் முதல் பத்து நாள் பொறுத்து நடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் வாயு பொங்கினால் தீக்குச்சி கொளுத்திச் சோதிக்க வேண்டாம். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும்.