வெளிமானும் செம்பட்டியலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் வெளிமான் ‘கவலை குறைந்த இனம்’ என்று இருப்பதைப் பார்த்தேன். பரவல் வரைபடத்திலும் இந்தியாவின் பல பகுதிகள் வண்ணமிடப்பட்டுள்ளன. அப்படியிருக்க, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வல்லநாட்டில் இம்மானுக்கென ஒரு சரணாலயம் தேவையா?

வாசகர், ஸ்ரீவைகுண்டம்

அன்புள்ள வாசகருக்கு,

கட்டாயம் தேவை. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் ஓர் இனம் அற்றுப்போகும் ஆபத்து எவ்வளவு என்பதையே அந்தத் தரநிலை சொல்கிறது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வெளிமான்கள் நல்ல எண்ணிக்கையில் இருப்பதால் ஆறுதலான விடை கிடைக்கிறது. அதே விலங்கு வங்கதேசத்தில் அற்றுப்போய்விட்டது. நேபாளம் தன் பாலூட்டிகளுக்கென 2011இல் வெளியிட்ட தேசியப் பட்டியலிலோ அது மிக அருகிய இனம். இம்மதிப்பீடுகள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. எடுத்துக்கொண்ட நிலப்பரப்புதான் வேறு.

வரைபடத்தின் வண்ணத்தையும் கவனமாகவே படிக்க வேண்டும். ஓர் இனம் வாழும் இடங்களை எல்லாம் உள்ளடக்கி வெளிவிளிம்பில் கோடு இழுத்தால், இடையிலுள்ள நகரங்களும் நெடுஞ்சாலைகளும் வயல்களும் அதற்குள் வந்துவிடும். நிலத்தை 2 கி.மீ. நீள அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, விலங்கு உண்மையில் வாழும் கட்டங்களை மட்டும் எண்ணுவது இன்னொரு முறை. உண்மை நிலை இதில்தான் தெரிகிறது. தமிழ்நாட்டில் அப்படி எண்ணினால் கோடியக்கரை, கிண்டி, மாயாறு பள்ளத்தாக்கு, வல்லநாடு என ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில இடங்களே முக்கியமாக எஞ்சும். வல்லநாட்டு மந்தை அழிந்தால் அந்த இடத்தை நிரப்ப அருகிலிருந்து வேறு மந்தை வரப்போவதில்லை. அப்போதும் செம்பட்டியலின் தரநிலை மாறாது. ஆனால் இவ்வினத்தின் தென்கோடி வாழிடம் இல்லாமல் போயிருக்கும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் வைத்திருப்பது சரியென்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆயினும் சட்டம் மட்டும் போதாது. தொலைவிலேயே ஆபத்தைக் கண்டு ஓடித் தப்பும் இம்மானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். கோடியக்கரையில் சீமைக்கருவேலம் பரவியதால் நேர்ந்த பெரும் இழப்பு அந்தத் திறந்தவெளிதான். புல்வெளியைத் தரிசு என்று கருதி மரம் நடுவதும் இதே கேட்டைச் செய்யும்.

நீங்கள் அருகில் வசிப்பதால் ஒரு வேண்டுகோள். சரணாலயத்துக்கு வெளியே, வயலிலோ தரிசிலோ வெளிமானைக் கண்டால், இடத்தையும் நாளையும் குறித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். எல்லைக்கு வெளியே அவை மேயும் கட்டங்கள் வரைபடத்தில் விடுபடாமலிருக்க அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்