வாய் மாறி வரும் பெயர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா என்னைக் கூப்பிடும்போது அண்ணன் பெயர், தங்கை பெயர், சில நாள் நாய்க்குட்டியின் பெயர்கூட வந்த பிறகுதான் என் பெயர் வருகிறது. மறதி நோயின் தொடக்கமா?

பதில்: கவலை வேண்டாம். 2016-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,700-க்கும் மேற்பட்டோரிடம் இதைத்தான் விசாரித்தார்கள். வாய் மாறுவது பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள்தான்: பிள்ளைக்குப் பிள்ளை, நண்பனுக்கு நண்பன். நாயின் பெயரும் அந்தக் குடும்ப வட்டத்தில் வந்தது. பூனையின் பெயர் அப்படி வரவில்லை. பெயர்களின் முதல் ஒலியோ கடைசி ஒலியோ ஒத்திருந்தால் குழப்பம் கூடும். முகச்சாயல் ஒத்திருப்பதற்கு இதில் பெரிய பங்கில்லை. அவசரம், களைப்பு, ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்றால் இன்னும் அதிகமாகும். அம்மா உடனே திருத்திக்கொள்கிறார் அல்லவா? அதுவே நல்ல அறிகுறி. எதிரில் நிற்பது யார் என்றே தெரியாமல் போனால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முகமும் வேலையும் நினைவிருக்கிறது, பெயர் மட்டும் தொண்டைக்குள் நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: ஒருவர் தச்சர் என்றால் மரம், உளி, மேசை எல்லாம் கூடவே நினைவுக்கு வரும். பெயருக்கு அப்படிப் பிடிமானம் இல்லை. அதனால் அறிமுகமான உடனே அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு நிமிடம் கழித்து, ஐந்து நிமிடம் கழித்து, அன்று இரவு, மறுநாள் என்று இடைவெளியை நீட்டியபடி மனதுக்குள் வரவழைத்துப் பாருங்கள். எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பதைவிட, பார்க்காமல் யோசித்து எடுப்பதே பலன் தரும். பெயர் சிக்கிக்கொண்டால் நெடுநேரம் மல்லுக்கட்டாதீர்கள். அப்படித் தவிக்கும் நேரம் நீள நீள, அடுத்த முறையும் அதே இடத்தில் சிக்கும் வாய்ப்பு கூடுவதாக 2008-இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுவது மேல்.

கேள்வி: என் பெயர் மலர்விழி. புது மேலாளர் இரண்டு வாரமாகக் 'கயல்விழி' என்கிறார். இனி எப்படித் திருத்துவது?

பதில்: இன்றே திருத்துங்கள், தனியாக இருக்கும்போது. "சார், என் பெயர் மலர்விழி. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்" என்றால் போதும். "நான் கயல்விழி இல்லை" என்று தொடங்காதீர்கள். தவறான பெயரே மறுபடி அவர் காதில் விழும். அன்றைக்கே அனுப்பும் மின்னஞ்சலின் முதல் வரியிலும் பெயரை எழுதுங்கள். பிறகும் மாறினால், பேச்சை நிறுத்தாமல் "மலர்விழி, சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: மகனைப் பள்ளியில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். கண்டிக்கவா?

பதில்: முதலில் மகனைக் கேளுங்கள். அந்தப் பெயரை அவனே சொல்லி அறிமுகமாகிறான் என்றால் விட்டுவிடலாம். உடம்பையோ திக்குவாயையோ குத்தும் பெயரென்றால், எந்தப் பெயர், யார், எப்போது என்று குறித்துக்கொண்டு அந்த வாரமே வகுப்பாசிரியரைப் பாருங்கள். வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூட அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.