மூலைவிட்டமும் வாட்ஸ்ஆப் பாட்டும்

ஐயா, வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஒரு கணக்கு: மூலைவிட்டம் 10 செ.மீ. உள்ள சதுரத்தின் பரப்பளவு என்ன? வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் (செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கம், இங்கே மூலைவிட்டம்) காண நம் முன்னோர் பாடிவைத்த முறையில் போட்டேன், 52.9 வந்தது. புத்தகத்தில் 50. அவளும் 50தான் என்று அடம்பிடிக்கிறாள். அந்த முறையைப் பள்ளிகளில் ஏன் சொல்லித்தருவதில்லை? அவளை டியூஷனில் சேர்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டியூஷன் உங்கள் விருப்பம். உங்கள் மகள் சொன்னதுதான் சரி. அதை இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பாட்டு எனக்கும் வாட்ஸ்ஆப்பில் வந்துகொண்டே இருக்கிறது. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, மீதியோடு அகலத்தில் பாதியைக் கூட்டு, கர்ணம் கிடைக்கும். 4க்கு 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து, அச்சாக வரும். அனுப்புகிறவர்கள் அந்த ஒரு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சதுரத்தில் போட்டுப் பார்க்க வேண்டாமா? 16 அடிக்கு 16 அடி அறை. பாட்டின்படி 14உம் 8உம் 22 அடி. உண்மையில் 22 அடி ஏழரை அங்குலம்.

என் அப்பா கொத்தனார். முளை அடித்து நூல் கட்டியதும் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து மூலைக்கு மூலை இழுப்பார். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வரும்வரை முளையைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவார். கால் அங்குலம் பிசகினாலும் அஸ்திவாரம் தோண்ட விடமாட்டார். ஏழரை அங்குலம் போனால் போகட்டும், பெருமை நம்முடையது என்று அந்த மனிதர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு எப்படி வந்தது?

பெருமைதான் வேண்டுமென்றால் பௌதாயனரின் சுல்ப சூத்திரம் என்ற பழைய வடமொழி நூலுக்குப் போங்கள். சதுரத்தின் பக்கத்தோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு. அந்தப் பங்கில் நாலில் ஒன்றைக் கூட்டு. கடைசியாகக் கூட்டியதில் 34இல் ஒரு பங்கைக் கழி, மூலைவிட்டம் கிடைக்கும். வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்கியவர்களின் கணக்கு இது. அதே 16 அடி அறையில் இதன் பிழை ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. மூலைவிட்டத்தின் மேல் எழுப்பும் சதுரம் முதல் சதுரத்தைப் போல் இரு மடங்கு என்பதும் அந்த நூலிலேயே இருக்கிறது. அப்படியானால் உங்கள் மகளின் சதுரம் நூறில் பாதி. வர்க்கமூலம் எங்கே வந்தது இதில்?

10 செ.மீ. சதுரக் காகிதம் ஒன்றை வெட்டி அவளிடம் கொடுங்கள். நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடிக்கட்டும். கையில் நிற்கும் சின்னச் சதுரத்தின் மூலைவிட்டம் 10 செ.மீ. எங்கே தொட்டாலும் இரண்டு தாள் கனம். இடைவெளியும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் இல்லை. அவள் மடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.